அப்பாவுக்கு எந்தப் பேதி மருந்து?

கேள்வி: டாக்டர், நாங்கள் மும்பை பக்கம் டோம்பிவிலியில் இருக்கிறோம். அப்பாவுக்கு 66 வயது, 12 வருடமாகச் சர்க்கரை. மலத்தில் ரத்தம் போகிறது, ஹீமோகுளோபினும் 9.4 தான் என்று, பெருங்குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபி டெஸ்ட் எழுதிக் கொடுத்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் ஒரு பாக்கெட் பவுடரை 2 லிட்டர் தண்ணீரில் கலக்கி, ஆறு மணிக்கு ஆரம்பித்து எட்டு மணிக்குள் குடிக்கச் சொன்னார்கள். ஒன்றரை லிட்டர் குடித்தார், கடைசி டம்ளரை வாந்தி எடுத்துவிட்டார். மறுநாள் காலை 11 மணிக்குப் பரேலில் டெஸ்ட். பாதியிலேயே நிறுத்தி, "வலது பக்கம் சுத்தமாகவில்லை, இன்னொரு நாள் வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அப்பா இனி அந்த உப்புத் தண்ணியைத் தொடவே மாட்டேன் என்கிறார். சயானில் இருக்கும் மாமா போன வருஷம் 45 மில்லி பாட்டில் இரண்டே இரண்டு குடித்து முடித்துவிட்டார், அதையே வாங்கச் சொல்கிறார். சித்தி விளக்கெண்ணெயும் எனிமாவும் போதும் என்கிறார். சிறுநீரகத்துக்குப் பார்க்கும் கிரியேட்டினின் அப்பாவுக்கு 1.6, கொஞ்சம் அதிகம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், டபாக்லிஃப்ளோசின், ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டன் சாப்பிடுகிறார், இப்போது இரும்பு மாத்திரையும். எது கொடுக்கலாம்?

பதில்:

மாமா குடித்த அந்தச் சின்ன பாட்டில் அப்பாவுக்கு வேண்டவே வேண்டாம். மற்றதெல்லாம் பிறகு பேசலாம், இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் இதைப் படிப்பதற்குள் மாமா மருந்துக்கடைக்குப் போய் வாங்கி வந்துவிடக்கூடும்.

அந்த 45 மில்லி பாட்டிலில் இருப்பது சோடியம் பாஸ்பேட். அடர்த்தியான உப்புக் கரைசல். குடலுக்குள் போனதும் உடம்பிலிருந்து தண்ணீரை இழுத்துக் குடலுக்குள் கொட்டும், அதனால்தான் இவ்வளவு சிறிய அளவிலேயே வேலை செய்கிறது. கூடவே பாஸ்பேட்டில் ஒரு பகுதி ரத்தத்திலும் ஏறுகிறது. அதைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். ஏற்கெனவே உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கிற அந்த நேரத்தில், சிறுநீரகத்தின் நுண்குழாய்களுக்குள் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து படிகமாகப் படிந்துவிடலாம். அப்படிப் படிந்தால் சிலருக்குச் சிறுநீரகம் பழைய நிலைக்குத் திரும்புவதே இல்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008 டிசம்பரில் இதற்குக் கடுமையான எச்சரிக்கை கொடுத்த பிறகு, அங்கே சீட்டு இல்லாமல் கடையில் விற்றுவந்த அந்தத் திரவத்தைக் கம்பெனியே திரும்பப் பெற்றுக்கொண்டது. இங்கே இன்னும் கிடைக்கிறது.

யாருக்கு ஆபத்து அதிகம் என்று அந்த எச்சரிக்கை சொன்னதையும் கேளுங்கள்: 55 வயது தாண்டியவர்கள், சிறுநீரகம் முன்பே பலவீனமானவர்கள், உடம்பில் நீர் வற்றியவர்கள், டெல்மிசார்ட்டன் வகை ரத்த அழுத்த மாத்திரையோ வலி மாத்திரையோ நீர் மாத்திரையோ சாப்பிடுகிறவர்கள். 66 வயது, கிரியேட்டினின் 1.6, டெல்மிசார்ட்டன் என்று அப்பாவுக்கு மூன்று காரணம் கண்ணெதிரே இருக்கிறது. மாமாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து அப்பாவுக்கு முடிவு எடுக்காதீர்கள். மாமாவுடைய சிறுநீரகம் வேறு, அப்பாவுடையது வேறு.

சித்தி சொன்ன விளக்கெண்ணெயில் பேதி ஆகும், சந்தேகமில்லை. ஆனால் குடல் சுவர் பளிச்சென்று தெரிகிற அளவுக்குச் சுத்தமாகாது, வயிற்று முறுக்கல் வேறு. எனிமா ஆசனவாயிலிருந்து இடது பக்கம் வரைக்கும்தான் எட்டும். அப்பாவுக்கு நாம் பார்க்க வேண்டியதோ வலது பக்கம். ஏன் வலது பக்கம் என்று இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன் என்றால், பெருங்குடலின் வலது பக்கத்தில் ஒரு கட்டி இருந்தால் அது பல நேரம் வலியும் கொடுக்காது, மலத்தையும் அடைக்காது, மெதுவாக ரத்தத்தை மட்டும் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். கடைசியில் ஹீமோகுளோபின் குறைந்திருப்பதுதான் அது காட்டும் ஒரே அடையாளமாக இருக்கும். அப்பாவுக்கு மூல நோயாகவே இருக்கலாம், சாதாரணப் புண்ணாகவும் இருக்கலாம். ஆனால் 66 வயதில் 9.4 ஹீமோகுளோபினை வைத்துக்கொண்டு வலது பக்கத்தைப் பார்க்காமல் விட எனக்கு மனசு வராது.

அப்படியென்றால் அதே உப்புத் தண்ணியா என்று அப்பா கேட்பார். ஆமாம், அதேதான். ஆனால் போன தடவை தோற்றதற்கு மருந்து காரணமில்லை, குடித்த நேரம்தான் காரணம் என்று நினைக்கிறேன். அந்த வாந்தியில் போனது ஒரு டம்ளர்தானே.

ஆறு மணிக்கு ஆரம்பித்து எட்டு மணிக்கு முடித்தார். டெஸ்ட் மறுநாள் பதினொரு மணிக்கு. நடுவில் 15 மணி நேரம். அந்த ராத்திரி முழுக்கச் சிறுகுடல் சும்மா இருக்காது, பித்தமும் செரிமான நீரும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருக்கும். அது முதலில் வந்து விழுகிற இடம்தான் பெருங்குடலின் வலது பக்கம். நான் கருவியை உள்ளே கொண்டுபோய்த் திரையில் பார்க்கும்போது அது எப்படி இருக்கும் தெரியுமா? ஆறிப்போன கூழ் பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல, பச்சையும் மஞ்சளுமாக ஒரு பூச்சு. தண்ணீர் பீய்ச்சுவோம், உறிஞ்சுவோம், கொஞ்சம் போகும், மறுபடி ஒட்டும். குடல் சுவரில் வளரும் சதையைப் பாலிப் என்போம். தட்டையாக, சுவரோடு சுவராகக் கிடக்கிற சில பாலிப்கள் வலது பக்கத்தில்தான் அதிகம். அந்தப் பூச்சுக்கு அடியில் ஒன்று ஒளிந்திருந்தால் எந்தக் கண்ணுக்கும் தெரியாது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாங்களும் எல்லாருக்கும் முந்தின நாள் சாயங்காலமே முழுவதையும் குடிக்கச் சொல்லி அனுப்பினோம். ஒரு பெரியவருக்கு அப்படிப் பூச்சோடேயே பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று எழுதினேன், எழுதிய அன்றைக்கே மனசு கேட்கவில்லை. மூன்றாம் நாள் அவரைத் திரும்பக் கூப்பிட்டு, காலையில் குடிக்க வைத்துப் பார்த்தபோது, முன்பு பூச்சு இருந்த அதே இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தட்டையான பாலிப் இருந்தது. அதற்குப் பிறகு மருந்தை இரண்டாகப் பிரிக்காமல் நான் யாருக்கும் எழுதுவதில்லை.

இப்போது அமெரிக்க, ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் இரண்டுமே இதைத்தான் சொல்கின்றன: பாதி முந்தின நாள் சாயங்காலம், மீதி பாதி டெஸ்ட் நாள் காலையில். இரண்டாவது பாதியை டெஸ்டுக்குச் சுமார் 5 மணி நேரம் இருக்கும்போது தொடங்கி, 2 மணி நேரத்துக்கு முன்பாவது முடித்துவிட வேண்டும். அந்த 2 மணி நேரம் மயக்க மருந்துக்காக, வயிறு காலியாக இருக்க வேண்டும். மத்தியானம் டெஸ்ட் என்றால் முழுவதையும் அன்று காலையிலேயே குடிப்பதும் உண்டு.

சரி, மருந்துகளுக்கு வருகிறேன். அப்பாவுக்குக் கொடுத்த பவுடர் பாலிஎத்திலீன் கிளைக்கால், நாங்கள் சுருக்கமாகப் பெக் என்போம். 1980-இல் அமெரிக்காவில் டேவிஸ், ஃபோர்ட்ரான் ஆகியோரின் குழு வெளியிட்ட கண்டுபிடிப்பு அது. அதன் சிறப்பே உடம்பு அதைக் கிட்டத்தட்ட உறிஞ்சிக்கொள்வதில்லை என்பதுதான். உப்பின் அளவையும் நம் உடம்புக்குச் சமமாக வைத்திருப்பதால், உடம்பிலிருந்து தண்ணீரை இழுப்பதும் இல்லை, உள்ளே தள்ளுவதும் இல்லை. வாயில் விட்ட தண்ணீர் அப்படியே குடலைக் கழுவிக்கொண்டு வெளியே போகிறது. அதனால்தான் அளவு அதிகம், அதனால்தான் சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் மற்ற எதையும்விடப் பாதுகாப்பு. இதன் குறை ருசியும் அளவும் மட்டும்தான், அதைச் சமாளிக்க வழி இருக்கிறது.

பெக்கோடு வைட்டமின் சி சேர்த்து 2 லிட்டரில் முடிகிற வகையும் உண்டு, ருசி கொஞ்சம் பரவாயில்லை. ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆகாது. இளவயதுக்காரர், சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்றால் சல்பேட் கரைசலோ, பைக்கோசல்பேட்டும் மக்னீசியமும் சேர்ந்த பொடியோ நானே எழுதிக் கொடுப்பேன், அவர்களுக்கு அவை நல்ல மருந்துகள், குடிப்பதும் சுலபம். அப்பாவுக்கு எழுத மாட்டேன். மக்னீசியம் வெளியேற நல்ல சிறுநீரகம் வேண்டும், சல்பேட்டிலும் உப்புகள் ஏறி இறங்கும். பைக்கோசல்பேட் குடிப்பவர்கள் "சின்ன பாக்கெட்தானே" என்று கூடவே தண்ணீர் குடிக்காமல் விட்டால் மயங்கி விழுவதையும், உப்பில்லாத வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து குழம்பிப் பேசுவதையும் பார்த்திருக்கிறேன், குறிப்பாக வயதான அம்மாக்களிடம்.

இன்னும் சில இடங்களில் மானிட்டால் கொடுக்கிறார்கள், இனிப்பாக இருக்கும், விலையும் குறைவு. குடல் கிருமிகள் அதைத் தின்று ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கும். 1979-இல் பிரான்ஸில் மானிட்டால் குடித்த ஒருவருக்குக் கரண்ட் வைத்துப் பாலிப் எடுக்கும்போது குடலுக்குள் வாயு வெடித்து அவர் இறந்தே போனார் என்று மருத்துவ ஏட்டில் பதிவாகியிருக்கிறது. உங்களுக்கு யாராவது அதை எழுதினால் தாராளமாகக் கேள்வி கேளுங்கள்.

ஆக அப்பாவுக்குப் பெக்தான். ஆனால் ஒரு தடவை தோற்றவருக்கு, அதுவும் 12 வருடச் சர்க்கரையால் குடல் மெதுவாக அசைகிறவருக்கு, 2 லிட்டரிலேயே நிற்காமல் கூட்டிக் கொடுப்பதுதான் வழக்கம். இரண்டு பாக்கெட்டாக 4 லிட்டர், சாயங்காலம் 2, காலையில் 2. கூடவே முந்தின நாள் பிசகோடில் என்ற பேதி மாத்திரை சேர்ப்பதும் உண்டு. அவருடைய இதயம், கால் வீக்கம் எல்லாம் பார்த்து அந்த டாக்டர் 3 போதும் என்றால் 3. "போன தடவை சுத்தமாகவில்லை, இந்தத் தடவை இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள், அளவைக் கூட்ட வேண்டுமா?" என்று இந்த வார்த்தைகளிலேயே கேளுங்கள். வேறு மருத்துவமனைக்குப் போனால் பழைய ரிப்போர்ட்டைக் கட்டாயம் காட்டுங்கள்.

மாத்திரைகள். இது சாப்பாட்டைவிட முக்கியம். டபாக்லிஃப்ளோசினைப் பொதுவாக 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வோம். பட்டினியும் பேதியுமாக இருக்கும்போது அந்த மாத்திரை உடம்பில் இருந்தால், சர்க்கரை அளவு சாதாரணமாகவே காட்டும், ஆனால் ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும். மெஷினைப் பார்த்து ஏமாந்துபோவோம். திரவ உணவு நாளில் மெட்ஃபார்மின் எந்த வேளை வேண்டாம், டெல்மிசார்ட்டனை அன்று நிறுத்துவதா என்பதைச் சர்க்கரை டாக்டரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள், அப்பா நினைவில் வைத்துச் சொல்வதை நம்ப வேண்டாம். இரும்பு மாத்திரை ஒரு வாரம் முன்பே நிற்க வேண்டும், மலத்தைக் கறுப்பாக்கி ஒட்டிக்கொள்ளும். இசப்கோல் சாப்பிட்டால் அதுவும் நிற்கட்டும். ரத்தத்தை இளக்கும் மாத்திரை ஏதாவது சாப்பிட்டால் இதய டாக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தாதீர்கள். மூட்டு வலிக்கு என்று வலி மாத்திரை மட்டும் அந்த வாரம் தொடவே கூடாது.

சாப்பாடு, டெஸ்டுக்கு மூன்று நாள் முன்பிருந்து: வெள்ளைச் சோறு, இட்லி, தயிர், தோல் சீவிய உருளைக்கிழங்கு, முட்டை, மீன், பாவ். கீரை, முருங்கைக்காய், சுண்டல், வேர்க்கடலை, ராகி, சப்பாத்தி, கொய்யா, மாதுளை, தேங்காய்ச் சட்னி வேண்டாம். நம் வீடுகளில் எல்லாரும் மறந்துபோவது தாளிப்பு. உறிஞ்சும் குழாயின் உள்துளை 4 மில்லிமீட்டர்கூட இல்லை. ஒரு கறிவேப்பிலைத் துணுக்கும் நாலு கடுகும் தக்காளி விதையும் சேர்ந்து அதை அடைத்துக்கொண்டு, கருவியை வெளியே எடுத்துக் கழுவி மறுபடி உள்ளே விட்ட நாள்கள் எனக்கு எத்தனையோ உண்டு. அந்த மூன்று நாளும் ரசத்தைத் தாளிக்காமல் வடிகட்டி ஊற்றுங்கள்.

முந்தின நாள் காலை இரண்டு இட்லி, தயிர் தொட்டு. அதோடு திட உணவு முடிந்தது. அப்புறம் தெளிந்த திரவம் மட்டும். கண்ணாடி டம்ளரில் ஊற்றி அந்தப் பக்கம் தினத்தந்தியைப் பிடித்தால் எழுத்து தெரிய வேண்டும், அதுதான் கணக்கு. வடிகட்டிய எலுமிச்சை ஜூஸ் உப்பு போட்டு, வடித்த ரசம், பால் விடாத டீ, கட்டங்காப்பி, தெளிந்த கோழி சூப் எல்லாம் சரி. மோர் கூடாது, அது தெளிந்ததில்லை. சிவப்பு, ஊதா நிறத்தில் எதுவும் வேண்டாம், திரையில் ரத்தம் மாதிரியே தெரியும். இளநீரில் பொட்டாசியம் அதிகம், அப்பாவின் கிரியேட்டினினுக்கும் டெல்மிசார்ட்டனுக்கும் டாக்டரைக் கேட்காமல் இளநீராகக் கொடுத்துத் தள்ளாதீர்கள். மூன்று நாலு மணிக்கு ஒரு தடவை சர்க்கரை பாருங்கள், 70-க்குக் கீழே போனால் சர்க்கரைத் தண்ணீர் உடனே கொடுங்கள், டெஸ்ட் கெட்டுவிடுமோ என்று தயங்காதீர்கள். ஆனால் பெக் கரைசலுக்குள் சர்க்கரையோ குளுக்கோஸோ கலக்காதீர்கள்.

குடிக்கிற விதம். இதை நான் குடித்துப் பார்த்தே சொல்கிறேன், எனக்கு 50 வயதானபோது நானும் இந்த டெஸ்ட் செய்துகொண்டேன். காலையிலேயே கலக்கி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், சில்லென்று இருந்தால் அந்த வழவழப்பு பாதி தெரியாது. ஸ்ட்ரா போட்டு, நாக்கின் பின்பக்கம் விழும்படி உறிஞ்ச வேண்டும். கால் லிட்டர் டம்ளர் ஒன்று, பத்துப் பதினைந்து நிமிஷத்தில் அடுத்தது. நடுவில் ஒரு எலுமிச்சைத் துண்டைச் சப்பலாம். உட்கார்ந்தே இருக்காமல் வீட்டுக்குள் நடக்கட்டும். எனக்கு நாலாவது டம்ளரில்தான் குமட்டியது, வயிறு உப்பிக்கொண்டு "இது கீழே போகாது" என்று பயமாகவே இருந்தது, அரை மணி நேரம் நிறுத்தினேன், முதல் தடவை போய் வந்ததும் வயிறு இளகிவிட்டது, மீதி சுலபமாக இறங்கியது. அப்பாவுக்கும் அந்த அரை மணி நேரத்தைக் கொடுங்கள். போன தடவை வாந்தி எடுத்தவர் என்பதால், குடிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு போட வாந்தி மாத்திரை எழுதித் தரச் சொல்லுங்கள். பின்பக்கம் எரியாமலிருக்க முதலிலேயே தேங்காய் எண்ணெய் தடவிவிட வேண்டும், துடைக்காமல் தண்ணீர் விட்டே கழுவட்டும்.

வயிறு உப்பி, கடுமையாக வலித்து, காற்றுகூடப் பிரியாமல் வாந்தி மட்டும் வந்தால் அது வேறு கதை. அடைப்பாக இருக்கலாம், ஒரு வாய்கூடக் குடிக்க வேண்டாம், நேரே எமர்ஜென்சிக்குப் போங்கள்.

இனி நம் ஊர்ப் பிரச்சினை. 11 மணிக்குப் பரேலில் டெஸ்ட் என்றால் அப்பா காலை ஆறிலிருந்து எட்டு வரை குடிக்க வேண்டும், கடைசி டம்ளருக்குப் பிறகும் ஒரு ஒன்றரை மணி நேரம் பாத்ரூமுக்கு ஓடிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் டோம்பிவிலியில் லோக்கல் ரயில் ஏறினால் என்ன ஆகும்? லோக்கலில் டாய்லெட் கிடையாது, காலை நெரிசலில் தாணேயில் இறங்கவும் முடியாது. முந்தின நாள் சாயங்காலமே முழுவதும் குடிக்கச் சொல்லி எழுதுவதற்கு இங்கே பல டாக்டர்கள் சொல்லும் காரணம் இதுதான், தப்பென்று நான் சொல்ல மாட்டேன், கல்யாண், அம்பர்நாத்திலிருந்து வருகிறவர்களை நினைத்துத்தான் எழுதுகிறார்கள். ஆனால் உங்களுக்குச் சயானில் மாமா இருக்கிறார். முந்தின நாள் காலையிலேயே அப்பாவை அங்கே கொண்டுபோய் விட்டுவிடுங்கள். சயானிலிருந்து பரேலுக்கு டாக்ஸியில் காலை நெரிசலிலும் அரை முக்கால் மணி நேரம். ஒன்பதரைக்குக் கிளம்பினால் போதும், சந்தேகத்துக்கு ஒரு பெரியவர்கள் டயப்பரும் மாற்று லுங்கியும் பையில் இருக்கட்டும். மாமா வீட்டில் தண்ணீர் எத்தனை மணிக்கு நிற்கும் என்று முன்பே கேட்டு டிரம்மை நிரப்பி வைக்கச் சொல்லுங்கள். தாராவி 90 அடி ரோட்டுப் பக்கம் பொதுக் கழிப்பறையை நம்பி இருக்கிறவர்களை நான் முந்தின நாளே அட்மிட் பண்ணிவிடுவேன், மயக்கமும் நடையுமாக ராத்திரியில் அவர்கள் வரிசையில் நிற்கக் கூடாது. சயானில் பாத்ரூம் வீட்டுக்குள் இல்லையென்றால் அப்பாவுக்கும் அதையே கேளுங்கள், 66 வயதுக்கும் கிரியேட்டினினுக்கும் ஒரு ராத்திரி அட்மிஷன் நியாயமானதுதான்.

காலை எட்டு மணிக்கு நீங்களே பாத்ரூமில் எட்டிப் பாருங்கள், கூச்சப்பட வேண்டாம். மஞ்சளாக, சிறுநீர் மாதிரித் தெளிவாகப் போனால் தயார். கொஞ்சம் துணுக்கு மிதந்தாலும் பரவாயில்லை. காப்பி நிறத்தில் கலங்கலாகவே போனால், டெஸ்ட் அறைக்குப் போன் போட்டு உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். இன்னும் ஒரு லிட்டர் குடிக்க வைத்து மத்தியானத்துக்கு மாற்றிக்கொள்ள முடியும், அதை டெஸ்ட் டேபிளில் படுத்த பிறகு செய்ய முடியாது.

டெஸ்ட் முடிந்து ரிப்போர்ட் வாங்கும்போது அதில் குடல் எவ்வளவு சுத்தமாக இருந்தது என்று மதிப்பெண் போட்டிருக்கிறார்களா பாருங்கள். பாஸ்டன் அளவு என்று இருக்கும். வலது, நடு, இடது என்று மூன்று பகுதிக்கும் 0 முதல் 3 வரை தனித்தனியாகப் போடுவோம், மொத்தம் 9. மொத்தத்தைப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம், வலது பக்கத்துக்கு 2-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் அங்கேயே கேளுங்கள், எனக்கும் எழுதுங்கள்.